கேட்டதையெல்லாம் டைப் அடித்த கை

சகாதேவனுக்குக் காதுக்கும் கைக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் மனு டைப் அடிக்கிற கடை அவனுடையது. திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே ஜனம் நிற்கும். பட்டா மாறாதவன், வழியை அடைத்துவிட்டார்கள் என்கிறவன், பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்று வந்தவள், எல்லோரும் அவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார்கள். சொல்லச் சொல்ல அவன் விரல் ஓடும். ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டான். திரையையும் பார்க்க மாட்டான். எதிர்ச்சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருப்பான். சொல்கிறவர் மூக்கைச் சிந்தித் துடைத்து முடிப்பதற்குள் மனு முடிந்திருக்கும். மேலே 'ஐயா', கீழே 'பணிவுடன்' என்று சேர்த்துக் கையில் கொடுத்துவிடுவான்.

ஒருநாள் நான் கேட்டேன். "ஏன்யா, அந்தம்மா அவ்ளோ அழுவுது. நீ பாட்டுக்கு அடிச்சிக்கினே இருக்கறியே?"

"அழுவுறத அடிக்கறதுக்கு கீ இல்லியேய்யா," என்றான். அப்புறம் கொஞ்சம் தணிந்து, "மனசுல வாங்கினா கை நின்னுடும். கை நின்னா வரிசை நின்னுடும். நான் இன்னா கலெக்டரா?" என்றான்.

நான் பலராமன். பே கோபுரத் தெருவில் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு விட்டுப்போனது. புத்தகத்தை மடிக்கத் தெரியும், தைக்கத் தெரியும், வெட்டத் தெரியும். படிப்பது என்றால் எழுத்துக் கூட்டித்தான். இதை எழுதுவதில் தப்பு வந்தால் திருத்தச் சரசு இப்போது இல்லை.

சரசு, சகாதேவனுடைய பெண்டாட்டி. பிள்ளை இல்லை இருவருக்கும். பகலில் கடைக்குச் சாப்பாடு எடுத்து வருவாள். அவன் சாப்பிடும்போது, மேசையில் கிடக்கிற மனுக்களை எடுத்துப் படித்துக்கொண்டிருப்பாள். எப்பேர்ப்பட்ட கையெழுத்தும் அவளுக்கு வந்துவிடும். அடி அண்ணாமலையிலிருந்து இராமலிங்கம் என்று ஒரு விவசாயி ஒருநாள் மனு கொண்டுவந்தார். ஏரிக்கு வருகிற கால்வாயைப் பற்றி. ஒரு பக்கம் இரண்டு பக்கம் இல்லை, ஒரு கட்டு. கால்வாய் எந்தக் கல்லில் ஆரம்பித்து யார் கொல்லை வழியாகப் போனது, யார் அதை மூடினார்கள், எந்த வருஷம் எந்த மதகில் யார் மகன் விழுந்தான், எல்லாம் எழுதியிருந்தார்.

"இத்த எந்த ஆபீசரும் படிக்க மாட்டாரு பெரியவரே. ஒரு பக்கத்துல சொல்லுங்க," என்றான் சகாதேவன்.

சரசு அதற்குள் பாதி படித்துவிட்டாள். "ஏங்க, இது மனு இல்லீங்க. புஸ்தகம்," என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் கொல்லைமேடு பதிப்பகம். போர்டு கிடையாது. வீட்டுக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வந்த புத்தகமெல்லாம் அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்த ஆட்களுடையவைதான். கையால் எழுதித்தான் கொண்டுவருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சரசு மடியில் தாளை வைத்துக்கொண்டு படிப்பாள், சகாதேவன் அடிப்பான். அவள் படிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். "ஏரி நிரம்பியது புள்ளி. மறுநாள் கமா விடிவதற்குள் கமா கரை உடைந்தது புள்ளி. பத்தி." இதே ராகம்தான். அடித்து முடித்ததை, வீணாய்ப்போன மனுத்தாளின் பின்பக்கத்தில் பிரிண்ட் எடுத்து மறுபடி உட்காருவார்கள். இந்தத் தடவை சரசு பிரிண்டைப் படிப்பாள், எழுதினவருடைய தாளில் அவன் விரல் வைத்துச் சரி பார்ப்பான். அதற்குப் பிறகு ஆப்செட்டில் அச்சாகி, பதினாறு பக்கம் ஒரு ஃபாரமாக என் கடைக்கு வரும். மடித்து, அடுக்கி, அட்டை போட்டு, மூன்று பக்கமும் வெட்டிக் கொடுப்பேன். முந்நூறு பிரதி. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் வண்டி உள்ளே வராது என்பதால் அதற்கு முந்தின நாளே கட்டுக் கட்டி அனுப்பிவிடுவேன்.

சரசு ஒரு சட்டம் வைத்திருந்தாள். எழுதினவரைப் படிக்க விடக்கூடாது. "அவுங்க படிச்சா படிக்கும்போதே மாத்திடுவாங்கண்ணா. அப்புறம் எழுதின புஸ்தகம் ஒண்ணு, அடிச்ச புஸ்தகம் ஒண்ணு ஆயிடும்," என்பாள்.

இதில் ஒரு கூத்து உண்டு. சகாதேவனுடைய கைக்கு, புத்தகத்தில் இருப்பது எது, சரசு நடுவில் பேசுவது எது என்ற வித்தியாசம் தெரியாது. காதில் விழுந்தால் அடித்துவிடும். இராமலிங்கத்தின் ஏரிப் புத்தகத்தை முதல்முதல் பிரிண்ட் எடுத்தபோது, கரை உடைந்து ஊரே ஓடுகிற இடத்தில், 'ஏங்க பால் பொங்குது' என்று இருந்தது. இன்னொன்றில், 'காஸ்காரன் வந்துட்டான் போய் சிலிண்டர வாங்குங்க.' அவன் எழுந்து போய் சிலிண்டரை வாங்கியிருப்பானா என்றால், மாட்டான். அடித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருப்பான். சரசுவே எழுந்து போய் வாங்கி வைத்துவிட்டு வந்து படிப்பாள்.

"வீடு பத்திக்கிச்சுன்னு சொன்னாகூட, அத அடிச்சி முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பாரு உங்க ஃபிரெண்டு," என்பாள் என்னிடம்.

"புள்ளி வெச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன்," என்பான் அவன்.

ஒருமுறை அது அச்சிலேயே போய்விட்டது. இனியன் என்று செங்கத்துப் பையன் ஒருவன், கவிதை எழுதுகிறவன். காதலித்த பெண் விட்டுப்போன வேதனையை எழுதியிருந்தான். அதில் வெயிலைப் பற்றி ஒரு கவிதை. நாலாவது வரி, 'ஃபேன கொஞ்சம் கம்மி பண்ணுங்க.' புத்தகம் கைக்கு வந்ததும் இனியன் சண்டைக்கே வந்துவிட்டான். இரண்டு வாரம் கழித்து, சென்னையிலிருந்து யாரோ அவனுக்குப் போன் பண்ணி, அந்த ஒரு வரிதான் மொத்தப் புத்தகத்துக்கும் உயிர் என்று சொன்னாராம். உடனே ஓடி வந்து, "ண்ணா, ரெண்டாம் பதிப்புல அத எடுத்துடாதீங்க," என்றான். ரெண்டாம் பதிப்பு வரவே இல்லை, அது வேறு விஷயம். சரசு அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கும் பங்கு குடுக்கச் சொல்லுங்கண்ணா, நானும் கவிதாயினிதான்," என்றாள்.

போன வருஷம் அஜ்மத் பேகம் வந்தார். டவுனில் பை, ஜிப் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அப்துல் ரசாக் பாயின் வீட்டம்மா. ஜாக்கெட் தைப்பவர். ரேஷன் கார்டில் பேரன் பெயர் சேர்க்க மனு கொடுக்க வந்த இடத்தில், கடையில் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஒரு துணிப்பையோடு வந்தார். பையில் மகள் சானியா ஸ்கூலில் எழுதி மிச்சம் விட்ட நோட்டுகள். அதில் தன் அம்மாவைப் பற்றி, 'அம்மி' என்றே சொல்லி, எழுதியிருந்தார். அந்த அம்மா, மங்கலம், வேட்டவலம் பக்கமெல்லாம் ஊர் ஊராய்ப் போய் வளையல் விற்றவர். வளையல் மூட்டை அவர் தோளில், சின்னப்பிள்ளை அஜ்மத் அவர் முந்தானையில். எந்த வீட்டுப் பெண்ணின் கை எப்படி இருக்கும், எவள் கையை நீட்டும்போது அழுவாள், எவள் வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள், எவள் வீட்டில் வாசலோடு சரி, அதெல்லாம் எழுதியிருந்தார்.

எழுத்து எப்படி என்றால், மழைக்குச் சாய்ந்த நெல் மாதிரி. எனக்கு ஒரு வரி விளங்கவில்லை. சரசு வாங்கின கையோடு படிக்க ஆரம்பித்துவிட்டாள். பதிப்பகம் ஆரம்பித்த பிறகு எதையும் அவள் முன்னாடியே படிக்க மாட்டாள், டைப் அடிக்கும்போதுதான் படிப்பாள். இதை மட்டும் வீட்டுக்குப் போவதற்குள் பஸ்ஸிலேயே ஒரு நோட்டு முடித்துவிட்டாளாம்.

என் கடைக்கு வந்து சொன்னாள். "ண்ணா, இந்தப் புஸ்தகத்துக்கு நூல் போட்டுத் தைங்க. வெறும் கோந்து வெச்சி ஏமாத்தாதீங்க. இத்த ரொம்பப் பேரு பிரிச்சிப் பிரிச்சிப் படிப்பாங்க."

"நூல் போட்டா லேட் ஆவும்."

"ஆவட்டும். நமக்கு இன்னா அவசரம்?"

அதுதான் அவள் என் கடைப்படி ஏறின கடைசித் தடவை. ஏறும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் என்று நினைத்தேன். பானைத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

புத்தகம் பாதிக்கு மேல் டைப் ஆகியிருந்தது. மாசி மாதம், காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கினவள் அப்படியே உட்கார்ந்தாள். ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. இதயத்து வால்வில் கோளாறாம். அந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் கேட்டார்: "இவங்களுக்கு மூச்சு வாங்குது, படபடப்பா இருக்குதுன்னு முன்னாடி ஏதாவது சொன்னாங்களா? கொஞ்ச நாளாவே இருந்திருக்கணுமே."

"இல்லீங்க," என்றான் சகாதேவன். "ஒண்ணும் சொல்லலீங்களே. ஒரு வார்த்தை சொல்லல."

அதையே பிடித்துக்கொண்டான். மாலை போட வந்தவர்களிடம் சொன்னான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னான். காரியத்தன்று பந்தியில் இலை போட்டுக்கொண்டே சொன்னான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? வாயத் தெறந்து ஒரு வார்த்தை. நான் இன்னா தூக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா? அவ்ளோ அழுத்தக்காரி." துக்கம் ஒரு பக்கம் என்றால், கோபம் ஒரு பக்கம். அந்தக் கோபம்தான் அவனை நிற்க வைத்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

அஜ்மத் பேகம் வந்து, சரசு உட்கார்கிற நாற்காலியைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். நோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கூட வந்த ரசாக் பாய்தான் போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவசரம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

கிடக்கவில்லை. இரண்டு மாதம் போல ஆனதும் சகாதேவனே போன் பண்ணினான். "பலராமா, ஞாயித்துக்கிழமை வா. அவ படிச்சது வரைக்கும் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். ப்ரூஃப் பாத்துடலாம். அவ ஆரம்பிச்சத முடிச்சிடணும்யா. இல்லன்னா அவ போன மாதிரியே இதுவும் பாதியில போவும்."

"நான் எழுத்துக் கூட்டுறவன்யா."

"கூட்டு. எனக்கு வேற வேல இன்னா?"

போனேன். வீடு பெருக்கியிருந்தது. சரசு நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னான். நான் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தேன். பிரிண்டை நான் படிக்க, அவன் அந்தம்மாவின் நோட்டில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். புள்ளி, கமா எல்லாம் சொல்லத்தான் வேண்டும் என்றான். சொன்னேன். எனக்கே என் குரல் கழுதை கத்துவது மாதிரி இருந்தது. இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தது, குறித்துக்கொண்டான். அப்படியே போய்க்கொண்டிருந்தது.

"ஊர் எல்லைப் புளியமரத்தடியில் அம்மி மூட்டையை இறக்கி வைத்தாள் புள்ளி. கொஞ்சம் இருங்க மூச்சு வாங்குது. அதற்குள் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்துகொண்டார்கள் புள்ளி."

"இரு," என்றான். "இன்னொரு தபா படி."

படித்தேன்.

"மூச்சு வாங்குதுன்னு எங்க இருக்கு? இதுல இல்லியே."

"இங்க இருக்குதே. அந்தம்மாவோட அம்மா சொல்றது. மூட்ட தூக்கினா மூச்சு வாங்கத்தானே வாங்கும்?"

அவன் விரல் நோட்டில் மேலும் கீழும் போனது. முந்தின பக்கம் புரட்டினான், அடுத்த பக்கம் புரட்டினான். அப்புறம் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தான். வாங்கினவன் திருப்பித் தரவில்லை. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அந்தத் தாளை அவன் பார்த்த விதத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. 'இருங்க' என்று இருக்கிறது. பெற்ற மகளிடம் எந்த அம்மா இருங்க என்பாள்?

மீதித் தாள்களை அவனே புரட்டினான். கல்யாண வீட்டில் பெண்ணுக்கு வளையல் போடுகிற இடத்தில், 'இன்னாமோ படபடன்னு வருது' என்று ஒன்று. அடித்திருந்த பகுதி முடிகிற இடத்தில், கடைசி வரி, 'போதுங்க இன்னிக்கு முடியல.'

"பலராமா," என்றான். "அன்னிக்கு நான் கேட்டேன்யா. 'இன்னா அதுக்குள்ள?'ன்னு கேட்டேன். அவ எழுந்து உள்ள போனா. நான் சேவ் பண்ணிட்டு மூடிட்டேன்."

"விடு."

"ஒரு வார்த்தை சொல்லலன்னு ஊரு பூரா சொன்னேனே. சொல்லியிருக்கா. மூணு வாட்டி சொல்லியிருக்கா. என் கைதான் வாங்கியிருக்குது. நான் வாங்கல."

டீ போட்டுக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை. நானே குடித்துவிட்டு வந்தேன்.

அதோடு வேலை நின்றுபோனது. அந்த மூன்று வரியை எடுத்தால்தான் மேற்கொண்டு போக முடியும். அவனால் எடுக்க முடியவில்லை. கம்ப்யூட்டரைத் திறப்பான், அந்த இடத்துக்குப் போவான், மூடிவிடுவான். கடைக்கு ஒழுங்காகத்தான் போனான். மனு அடித்தான். ஆனால் புத்தகம் என்று வாயைத் திறந்தால் பேச்சை மாற்றினான். அப்படியே ஆனி, ஆடி போனது.

அஜ்மத் பேகத்திடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு நேராக அவன் வீட்டுக்கே வந்தார். "ண்ணா, அது அங்கியே இருக்கட்டும்ண்ணா. எங்க அம்மியும் அப்படித்தான் மூச்சு வாங்கும். எனக்கு எழுதத் தோணல, உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க. நல்லாத்தான் இருக்குது," என்றார்.

"வேணாம்மா," என்றான். "உங்க அம்மா அத சொல்லல. உங்க புஸ்தகத்துல சொல்லாதது இருக்கக்கூடாது. ஒரு கமா விட்டாலே அவளுக்குத் தூக்கம் வராது. இத்த உட்டா அவ என்ன உடுவாளா?"

"அப்ப எடுத்துடுங்க."

"முடியலியேம்மா."

மீதியையாவது ஆரம்பிக்கலாம் என்று அந்தம்மாவே நோட்டை எடுத்துப் படிக்க உட்கார்ந்தார். இரண்டு வரி போவதற்குள் நிறுத்தி, "இல்லண்ணா, இந்த எடத்துல இப்படி இல்ல, நான் மாத்திச் சொல்றேன்," என்றார். சகாதேவன் முகத்தில் அன்றுதான் ஒரு சிரிப்பு மாதிரி வந்து போனது. "பாத்தியா? இதுக்குத்தான் சட்டம் போட்டா," என்றான் என்னிடம். நோட்டை வாங்கி வைத்துவிட்டான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "இப்ப போன்ல பேசினாலே அதுவே டைப் ஆவுதே. ஆள் எதுக்கு?" என் போனை வைத்துப் படித்துக்காட்டினேன். நான் படித்தது, தெருவில் போன பஸ்ஸின் ஹாரனுக்கு நான் திட்டியது, தக்காளிக்காரன் மைக்கில் கத்தியது, எல்லாவற்றையும் அது ஒரே வரிசையில் அடித்து வைத்திருந்தது. சகாதேவன் அதை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அதுவும் நானும் ஒண்ணுதான்யா," என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் கொஞ்சம், எதன்மேல் என்று தெரியாமல் மிச்சம். அந்தம்மா கேட்காமல் காத்திருக்கிறார். சரசு நூல் போட்டுத் தைக்கச் சொன்னாள், நூல்கண்டு வாங்கி வைத்து அது தூசி பிடிக்கிறது. இவன் மூன்று வரியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. வெட்டின பில் புக்குகளை ஒரு ஆபீசில் போட்டுவிட்டு அவன் கடையில் ஒதுங்கினேன். ஸ்டூலில் ஒரு கிழவர். தண்டராம்பட்டுப் பக்கம். நிலத்துக்குப் போகிற வழியைப் பங்காளி அடைத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சகாதேவன் காலண்டரைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தான். கிழவர் நடுவில், "தண்ணி இருந்தா கொஞ்சம் குடுப்பா, நாக்கு ஒட்டுது," என்றார்.

விரல் அதையும் அடித்தது. அடித்துவிட்டு நின்றது. சகாதேவன் காலண்டரிலிருந்து திரைக்குக் கண்ணைக் கொண்டுவந்தான். பிறகு அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்தான். அவன் ஒரு ஆளின் முகத்தை அந்தக் கடையில் பார்த்து நான் கண்டதே இல்லை. எழுந்தான். கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். கிழவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று டம்ளரை வாங்கிக்கொண்டான். திரும்ப உட்கார்ந்து அந்த வரியை அழித்தான். மனு முடிந்தது, கிழவர் போனார். வரிசையில் நின்றவர்கள், "சீக்கிரம்பா," என்றார்கள்.

"பாத்தியா?" என்றான் என்னிடம்.

"இன்னாத்த?"

"கெழவன் கேட்டாரு, குடுத்தேன். குடுத்துட்டு அத மனுவுல இருந்து எடுத்தேன். கை நடுங்கல. சரசு சொன்னதுக்கு நான் பதிலே சொல்லல. பதில் சொல்லாம எப்படிய்யா அழிக்கறது?"

"அப்ப சொல்லித் தொல," என்றேன். கோபத்தில் வந்ததுதான். யோசித்துச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னான். போனபோது கம்ப்யூட்டர் போட்டிருந்தது. சரசு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில், அவள் எப்போதும் போடுகிற கோணத்தில் போட்டிருந்தான். நான் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தேன்.

முதல் இடத்துக்குப் போனான். புளியமரத்தடி. கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"மூச்சு வாங்குதா?" என்றான். நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னான். "அப்ப எதுக்குப் படிக்கிற? மூடு. தண்ணி குடி. இரு, நான் எடுத்தாறேன்."

பிறகு ஒரு விரலால் அந்த வரியை, ஒவ்வோர் எழுத்தாக, பின்னாலிருந்து அழித்தான்.

இரண்டாவது. கல்யாண வீடு. "படபடன்னு வருதா? எத்தினி நாளா? ஏன்டி சொல்லல... சொன்ன. சொல்லத்தான் சொன்ன. கெளம்பு. புடவையெல்லாம் மாத்த வேணாம், இப்படியே வா. ரோட்டுக்குப் போனா ஆட்டோ இருக்கும். நடக்க முடியுமா? கையப் புடி."

அழித்தான்.

கடைசி வரிக்கு வந்ததும் அவனால் முடியவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். எதிர் வீட்டு மாடியில் யாரோ மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அப்புறம், "போதும் சரசு. போதும். நீ போய்ப் படு," என்று கேட்டது. ஒரு கீ அடிக்கிற சத்தம், மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று.

திரும்ப உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த வரிகள் போனதும் கீழே இருந்ததெல்லாம் மேலே ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் எங்கே இருந்தாள் என்று இடமே தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மீதி நோட்டு. நான்தான் படித்தேன். அஜ்மத் பேகம் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருப்பார். எழுத்து விளங்காமல் நான் முழித்தால் எட்டிப்பார்த்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல வேண்டும். மாற்றக்கூடாது. மாற்றப் போகிறார் என்று தெரிந்தால் சகாதேவன் கையைத் தூக்கிவிடுவான். "சட்டம்மா, சட்டம்," என்பான். அந்தம்மா, "உங்க சட்டம் கோர்ட்டுல கூட இல்லண்ணா," என்று ஊசியைப் பல்லில் வைத்துக்கொண்டு முணுமுணுப்பார்.

வேலை நகரவே இல்லை. நான் தொண்டையைச் செருமினால் அவன் கை நிற்கும். "இன்னாச்சு?" நான் காலை மாற்றி உட்கார்ந்தால் நிற்கும். "முதுகு வலிக்குதா?" அந்தம்மாவுக்கு ஊசி குத்தி 'ஸ்' என்றால் அதற்கும் எழுந்து போய்ப் பார்ப்பான். சரசு ஒரே மத்தியானத்தில் முடிக்கிற பக்கங்கள், எங்களுக்கு ஒரு மாதம் இழுத்தன. கடையிலும் அப்படித்தான் ஆகிவிட்டான் என்று கேள்வி. ஆளின் முகத்தைப் பார்க்கிறானாம். அழுதால் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறானாம். நேரமாகிறது என்று பாதி ஜனம் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. நான் இதைக் கேட்டபோது, "போவட்டும்," என்றான்.

அந்த மழைக்காலத்தில் எனக்குச் சளி பிடித்திருந்தது. இருமினால் அவன் நிறுத்திவிடுவான் என்று அடக்கி அடக்கித்தான் படித்தேன். கடைசி நோட்டின் கடைசிப் பக்கம். வயசான அம்மி, விற்றது போக மிச்சமிருந்த ஒரு ஜோடி வளையலை மகள் கையில் போட்டுவிடுகிற இடம். இன்னும் நாலைந்து வரிதான். நெஞ்சு முழுக்க இருமல் வந்து நிற்கிறது. விடக்கூடாது, இன்றைக்கு முடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கமா சொன்னேன், புள்ளி சொன்னேன். ஒரு சத்தம் போடவில்லை.

கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். சகாதேவன் இரண்டு கையையும் கீபோர்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலியேய்யா," என்றேன்.

"தெரியும்," என்றான். எழுந்து உள்ளே போய், சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "மொதல்ல இத்தக் குடி. புஸ்தகம் இருக்கட்டும்."

குடித்தேன். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.